ராயபுரத்து ரயிலும் அடையாற்றங்கரை பங்களாவும்

27 ஏக்கர் நிலம். ஆற்றைப் பார்த்த மாதிரி ஒரு பெரிய பங்களா. ஆற்றங்கரையிலேயே இன்னும் இரண்டு செங்கல் பங்களாக்கள். குதிரை லாயம், வண்டிக் கொட்டகை, சாமான் கிடங்குகள், நீச்சல் குளம். மா மரமும் ஆல மரமும் வரிசை கட்டி நிற்கும் பாதை. போதாததற்கு ஒரு பெரிய சவுக்குத் தோப்பு.

எல்லாம் சேர்த்து விலை, கிட்டத்தட்ட 9,000 ரூபாய்!

வருடம் 1882. இடம் சென்னை அடையாறு. இன்றைக்கு அதே இடத்தில் ஒரு சின்ன ஃப்ளாட்டின் பார்க்கிங் கூட அந்தக் காசுக்குக் கிடைக்காது என்று சிரிக்கலாம். ஆனால் 1882ன் கணக்குப்படி பார்த்தாலும் அது அடிமாட்டு விலைதான். வாங்கியவரே அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறார். வீட்டை இடித்தால் கிடைக்கும் பழைய செங்கல், மரம் இவற்றுக்கு என்ன விலை வருமோ, கிட்டத்தட்ட அதைத்தான் கொடுத்தாராம். இவர்கள் வந்து வாங்காமல் இருந்திருந்தால் அது நிஜமாகவே இடிக்கப்பட்டிருக்கும்.

வாங்கியது பிரம்மஞான சபை, அதாவது தியோசாபிகல் சொசைட்டி. வீட்டின் பழைய பெயர் ஹடில்ஸ்டன் கார்டன்ஸ். 'அடையாறு ஆலமரம் இருக்கே, அந்த இடம்' என்றால் சென்னைக்காரர்களுக்குச் சட்டென்று புரியும்.

அப்பேர்ப்பட்ட வீடு ஏன் அவ்வளவு மலிவாகப் போனது? அதற்கான பதில் அடையாற்றில் இல்லை நண்பர்களே. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வடக்கே, நம் ராயபுரத்தில் இருக்கிறது.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

கம்பெனிக்காரர்கள் முதலில் கோட்டைக்குள்ளேயேதான் அடைந்து கிடந்தார்கள். 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து கோட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் ஹைதர் அலியின் குதிரைப்படை சென்னையின் எல்லை வரை வந்து போனது. இந்தப் பயம் தெளியத் தெளியத்தான் வெள்ளைக்காரர்கள் கோட்டைக்கு வெளியே வீடு கட்ட ஆரம்பித்தார்கள். 1799ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு விழுந்ததும் அந்தக் கொஞ்சநஞ்சப் பயமும் போய்விட்டது. பகலில் கோட்டையிலும் கறுப்பர் நகரத்திலும் (இன்றைய ஜார்ஜ் டவுன்) வியாபாரம். சாயங்காலம் ஆனதும் குதிரை வண்டி பூட்டிக்கொண்டு தோட்ட வீட்டுக்கு ஓட்டம். நுங்கம்பாக்கம், எழும்பூர், தேனாம்பேட்டை, கடைசியாக அடையாற்றங்கரை. கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே இப்படி ஏராளமான 'கார்டன்ஸ்' முளைத்தன.

பிரிவினை அப்போதே ஆரம்பித்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கப்பல் நிற்பது வடக்கே. மூட்டை தூக்குவது வடக்கே. 1806ல் பேசில் காக்ரேன் எண்ணூர் வரை வெட்ட ஆரம்பித்த கால்வாயில் உப்பும் விறகும் வந்து இறங்குவதும் வடக்கே. தோட்டமும் காற்றும் தெற்கே! அதே கால்வாயைத்தான் 1876-78 பஞ்சத்தில் கூலிக்கு ஆள் வைத்து, கூவத்திலிருந்து அடையாறு வரை வெட்டி இணைத்தார்கள். பக்கிங்ஹாம் கால்வாய் என்று பெயரும் வைத்தார்கள். ஆக எண்ணூர்க் கழிமுகத்தில் ஏறிய படகு அடையாறு வரை போகலாம். ஆனால் அந்தப் படகைத் தள்ளிக்கொண்டு போனவன் அந்தத் தோட்டத்துக்குள் நுழைய முடியாது, அது வேறு விஷயம்.

ஹடில்ஸ்டன் என்ற பெயர் மதராஸ் சரித்திரத்தில் திரும்பத் திரும்ப வரும். 1784ல் திப்புவோடு மங்களூர் உடன்படிக்கை பேசப் போன மூன்று கம்பெனி அதிகாரிகளில் ஒருவர் ஜான் ஹடில்ஸ்டன். 1881ல் சில மாதங்கள் மதராஸின் தற்காலிக கவர்னராக இருந்தவர் வில்லியம் ஹடில்ஸ்டன். இந்த மாதிரிப் பெரிய அதிகாரிகளின் வட்டாரத்து வீடு அது.

சரி, இந்த மாதிரி வீட்டை எப்படிக் கட்டினார்கள்? இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். ஏனென்றால் 'பழைய பொருள் விலை' என்று சொன்னோமே, அந்தப் பொருள் என்ன என்று தெரிந்தால்தான் கணக்குப் புரியும்.

மதராஸ் தோட்ட வீட்டுக்கு அடித்தளம் உயரமாக இருக்கும். வெள்ளமும் பாம்பும் கரையானும் எட்டக்கூடாது. முன்னால் வண்டி வந்து நிற்க ஒரு போர்ட்டிகோ. பருத்த தூண்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கிரேக்கக் கோயில் மாதிரி, சலவைக்கல் மாதிரி மின்னும். கிட்டே போய்த் தட்டினால் வெறும் செங்கல்! மேலே பூசியிருப்பது சுண்ணாம்பு. சாதாரணச் சுண்ணாம்பு அல்ல, கிளிஞ்சல் சுண்ணாம்பு. எண்ணூர், பழவேற்காடு பக்கம் கழிமுகத்தில் கிளிஞ்சல் அள்ளிச் சூளையில் சுடுவது பழைய தொழில். அந்தச் சுண்ணாம்பை மாவாகச் சலித்து, மணலோடும் வெல்லத்தோடும் அரைத்து, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் பல பூச்சு பூசி, கடைசியில் வழவழப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். மதராஸ் 'சுன்னம்' என்று வெளியூர்ப் பயணிகள் வாயைப் பிளந்து எழுதி வைத்தது இதைத்தான். கொத்தனாரின் தோள்பட்டை வலிதான் அந்த மினுமினுப்பு.

கூரை இன்னும் சுவாரசியம். 'மெட்ராஸ் டெரஸ்' என்று இன்றைக்கும் இஞ்சினியர்கள் சொல்கிற முறை. சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகள். அதன் மேல் மெல்லிய சின்னச் செங்கற்களைப் படுக்க வைக்காமல் குத்தாக, சாய்வு வரிசையில் சுண்ணாம்பால் ஒட்டிக்கொண்டே போவார்கள். அது இறுகியதும் மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டிப் பரப்பி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டுவார்கள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, நாள்கணக்கில். கடைசியில் தட்டோடு பதிப்பு. சிமென்ட் இல்லை, கம்பி இல்லை. நூறு வருஷம் தாங்கும்.

அப்புறம் கதவு ஜன்னல்கள். சுவரில் பாதி ஓட்டைதான் என்று சொல்லும்படி, ஆள் உயரத்துக்கும் மேலே தரை வரை இறங்கும் ஜன்னல்கள். சாயங்காலம் கடல் காற்று வந்தால் ஒரு பக்கம் புகுந்து மறு பக்கம் போக வேண்டும் இல்லையா? சுற்றிலும் ஆழமான தாழ்வாரம். வெயிலில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டால் அதுதான் அந்தக் கால ஏசி. இந்தப் பெரிய ஜன்னல்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு ஜன்னல் உலகம் முழுக்கச் சந்தி சிரிக்கப் போகிறது.

ஆக, இந்த வீட்டை இடித்தால் கிடைப்பது பெரிய தேக்குக் கட்டைகளும் லட்சக்கணக்கில் செங்கல்லும். கணக்குப்பதிவியலில் தேய்மானம் பாடத்தில் 'இறுதி மதிப்பு' என்று ஒன்று வருமே, ஒரு சொத்தின் ஆயுள் முடிந்ததும் காயலான் கடைக்குப் போட்டால் கிடைக்கும் தொகை? ஹடில்ஸ்டன் கார்டன்ஸின் விலை அதுதான். இன்னொரு விதமாகச் சொன்னால், 27 ஏக்கர் ஆற்றங்கரை நிலத்துக்கு யாரும் விலையே போடவில்லை.

இங்கேதான் ராயபுரம் வருகிறது.

1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் ரயில் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை 1 முதல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை, சுமார் 100 கிலோமீட்டர், ரயில் ஓட ஆரம்பித்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை. துணைக்கண்டத்தில் இன்னும் நின்றுகொண்டிருக்கும் மிகப் பழைய ஸ்டேஷன் கட்டடங்களில் ராயபுரமும் ஒன்று. (2005ல்தான் அதைப் பழுது பார்த்துப் புதுப்பித்தார்கள். அதுவரை அது கிடந்த கிடை வடசென்னைக்காரர்களுக்குத் தெரியும்.) அந்தப் பாதை மேற்கே நீண்டுகொண்டே போய் 1862ல் மலபார் கரையில் பேப்பூரைத் தொட்டது. 1873ல் போத்தனூரிலிருந்து ஒரு கிளை பிரிந்து மேட்டுப்பாளையம் போனது.

மேட்டுப்பாளையம் என்றால் நீலகிரியின் அடிவாரம். மலை ரயில் குன்னூருக்கு ஏறியது 1899ல்தான். ஆனால் அதற்குள்ளேயே காரியம் முடிந்துவிட்டது. முன்பெல்லாம் வாரக்கணக்கில் பல்லக்கிலும் மாட்டு வண்டியிலும் போக வேண்டியிருந்த ஊட்டி, ஒரு நாள் தூரத்துக்கு வந்துவிட்டது. 1870 வாக்கிலேயே மதராஸ் அரசாங்கம் கோடைக்கு ஊட்டிக்கு இடம் மாறும் வழக்கம் நிலைத்துவிட்டது. ஃபைல்களோடு கவர்னர் போனால் பின்னாலேயே பெரிய அதிகாரிகள், அவர்கள் பின்னாலேயே சீமாட்டிகள், சமையல்காரர்கள், நாய்கள். வருஷத்தில் பாதி நாள் மலையில் இருப்பவனுக்கு அடையாற்றங்கரையில் அரண்மனை எதற்கு? தோட்டக்காரன் சம்பளம், கூரை ஒழுகல், சுண்ணாம்பு அடிக்கும் செலவு எல்லாம் தண்டம். எல்லாரும் ஒரே நேரத்தில் விற்க வந்தார்கள். வாங்க ஆள் இல்லை.

ஒரு தொழில்நுட்பம் எங்கேயோ ஒரு மூலையில் வந்து, இன்னொரு மூலையில் சொத்து விலையைக் கவிழ்ப்பதற்கு இதைவிட அழகான உதாரணம் கிடைக்காது. ராயபுரத்தில் கரி அள்ளிப் போட்டவனுக்கும் தெரியாது, அடையாற்றில் தாழ்வாரத்தில் சாய்ந்து கிடந்த துரைக்கும் தெரியாது. (அந்தத் தோட்டத்துச் சவுக்குத் தோப்பும் இந்தக் கதையில் சேர்த்திதான். நகரத்து அடுப்புக்கும் ரயில் எஞ்சினுக்கும் விறகு வேண்டியிருந்ததால்தான் சென்னையைச் சுற்றிச் சவுக்கு அவ்வளவு பெருகியது.)

அதே நேரத்தில் உலகின் இன்னொரு பக்கத்திலிருந்து இரண்டு பேர் இந்தியா வந்து வாடகை வீட்டில் குடியிருந்தார்கள். ஒருவர் கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட், அமெரிக்கர், வக்கீல். அமெரிக்க உள்நாட்டுப் போரில் ராணுவக் கொள்முதல் ஊழல்களைத் தோண்டி எடுத்தவர், கிட்டத்தட்ட ஆடிட்டர் மாதிரி. இன்னொருவர் ரஷ்யாவில் பிறந்த ஹெலனா பிளாவட்ஸ்கி அம்மையார். 1875ல் நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கியவர்கள். 1879ல் பம்பாய் வந்து சேர்ந்தார்கள். தலைமையகத்துக்கு ஒரு நிரந்தர இடம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

1882 மே மாதக் கடைசியில் மதராஸில் இருந்தபோது, ஸ்மால் காஸ் கோர்ட் நீதிபதி முத்துசாமி செட்டியின் பிள்ளைகள் இந்த இடத்தைக் காட்ட அழைத்துப் போனார்கள். பிளாவட்ஸ்கி மாடி ஏறிப் போய்விட்டு முகம் மலர இறங்கி வந்து, குருநாதர் இதை வாங்கச் சொல்கிறார் என்று அறிவித்ததாக அந்தப் பிள்ளைகளில் ஒருவரான சுப்பையா செட்டி பின்னாளில் சொல்லியிருக்கிறார். குருநாதர் என்றால் இமயத்துக்கு அப்பால் இருப்பதாக அவர்கள் நம்பிய மகாத்மாக்களில் ஒருவர். குருநாதருக்கு ரியல் எஸ்டேட் நன்றாகவே தெரிந்திருக்கிறது!

குருநாதர் சொன்னார், பணம்? அதற்கு மதராஸ்காரர்கள்தான் வர வேண்டியிருந்தது. ஐயாலு நாயுடு என்பவர் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுத்தார். மீதிக்கு நீதிபதி முத்துசாமி செட்டி சுலபத் தவணையில் கடன் ஏற்பாடு செய்தார். அப்புறம் உறுப்பினர்களிடம் சந்தா வசூல் செய்து அடுத்த வருஷத்துக்குள் கடனை அடைத்துப் பத்திரத்தைக் கையில் வாங்கினார்கள். 1882 டிசம்பர் 19 அன்று பம்பாயிலிருந்து மூட்டை முடிச்சோடு வந்து இறங்கியாயிற்று. கணக்குப் போட்டால் ஏக்கர் 333 ரூபாய், பங்களாக்கள் இலவச இணைப்பு. இந்தக் கதையை எழுதுபவர்கள் எல்லாரும் பிளாவட்ஸ்கியின் மலர்ந்த முகத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நாயுடுவும் செட்டியும் இல்லாவிட்டால் அந்த முகமலர்ச்சி முகமலர்ச்சியாகவே நின்றிருக்கும்.

இனி அந்த ஜன்னல்.

பிளாவட்ஸ்கி மாடியில் குடியேறினார். மாடியில் இருந்தது ஒரு பெரிய அறை, சுற்றிலும் மொட்டை மாடி. அந்த அறையை ஒட்டிப் புதிதாக ஓர் அறை எழுப்பினார்கள். அதற்கு 'மறைஞான அறை' என்று பெயர். அங்கே சுவரில் கோயில் மாதிரி ஒரு மர அலமாரி. பக்தர்கள் அதில் மகாத்மாக்களுக்குக் கடிதம் வைப்பார்கள், பதில் வரும். உடைந்த பீங்கான் தட்டு முழுசாக வரும். கட்டட வேலை, தச்சு வேலையெல்லாம் பார்த்தது அலெக்ஸிஸ் கூலோம் என்ற பிரெஞ்சுக்காரர். அவர் மனைவி எம்மா வீட்டு நிர்வாகம். பிளாவட்ஸ்கிக்குக் கெய்ரோவிலேயே பழக்கமானவர்கள்.

தோட்ட வீட்டை நீட்டிக் கட்டினால் என்ன ஆகும்? முன்பு வெளிச்சுவராக இருந்தது இப்போது இரண்டு அறைக்கு நடுவே வந்துவிடும். வெளிச்சுவர் என்றால் அதில் ஜன்னல் இருக்கும். அதை அடைத்தாக வேண்டும். பிளாவட்ஸ்கியின் படுக்கையறைக்கும் மறைஞான அறைக்கும் நடுவே இருந்த சுவர் அப்படி அடைக்கப்பட்ட சுவர். அலமாரி தொங்கியது சரியாக அந்தச் சுவரில்.

1884 பிப்ரவரியில் நிறுவனர்கள் இருவரும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கும் கூலோம் தம்பதிக்கும் சண்டை முற்றி, மே மாதம் அவர்களை வெளியேற்றினார்கள். அப்போதுதான் சுவரிலும் பக்கத்து மரப்பலகைகளிலும் நகரும் கதவுகள், திறப்புகள் இருப்பது வெளியே வந்தது. இத்தனை நாள் அற்புதம் நடந்தது இதன் வழியாகத்தான் என்றார் எம்மா கூலோம். பிளாவட்ஸ்கி ஊரில் இல்லாத நேரம் பார்த்து, அவரை மாட்டிவிடக் கூலோம் புதிதாகச் செய்த வேலை இது, பாதியில் நிற்கிறது பாருங்கள் என்றார்கள் சபைக்காரர்கள். செப்டம்பரில் கிறிஸ்டியன் காலேஜ் மேகசின் பிளாவட்ஸ்கி எழுதியதாகச் சொல்லப்பட்ட கடிதங்களை வெளியிட்டது. (மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ் அப்போது தாம்பரத்தில் இல்லை, ஜார்ஜ் டவுனில் இருந்தது.) லண்டன் வரை பற்றிக்கொண்டது.

லண்டனிலிருந்து ரிச்சர்ட் ஹாட்ஸன் என்ற 29 வயது இளைஞரை விசாரிக்க அனுப்பியது அங்கிருந்த மனோதத்துவ ஆராய்ச்சிச் சங்கம். 1884 டிசம்பரில் அவர் அடையாறு வந்து சேர்ந்தபோது சாட்சியே இல்லை. அலமாரியை உடைத்து எரித்துவிட்டார்கள். சுவரையும் பூசிவிட்டார்கள். அவர் வரைபடம் போட்டு, அளந்து, ஒவ்வொருவரையும் கேட்டு, 1885ல் அறிக்கை கொடுத்தார். தீர்ப்பு: மோசடி. நூறு வருடம் கழித்து 1986ல் அதே சங்கத்தின் இதழில் வெர்னன் ஹாரிசன் என்ற கையெழுத்து நிபுணர், ஹாட்ஸன் அறிக்கை ஒருதலைப்பட்சமானது என்று எழுதினார். சண்டை இன்னும் முடியவில்லை.

யார் பக்கம் நியாயம் என்பது வாசகர் விருப்பம். ஆனால் ஒன்று சொல்லலாம். தன் பக்கம் சுத்தம் என்று நம்புகிறவர்கள் முதலில் செய்திருக்க வேண்டியது அந்த அலமாரியைப் பூட்டி சீல் வைப்பது. எரித்தது பெரிய முட்டாள்தனம். ராணுவக் கொள்முதல் ஊழலைத் தோண்டிய ஆல்காட்டின் வீட்டிலேயே அத்தாட்சி நெருப்புக்குப் போனது என்பதுதான் வேடிக்கை.

பிளாவட்ஸ்கி 1885 மார்ச் 31 அன்று மதராஸைவிட்டுக் கிளம்பினார். திரும்பி வரவே இல்லை. 1891ல் லண்டனில் இறந்தார்.

வீட்டோடு தங்கியவர் ஆல்காட். அற்புதங்கள் கைவிட்டுப் போன பிறகு அவர் செங்கல்லும் சுண்ணாம்பும் கையில் எடுத்தார் என்றே சொல்லலாம். 1886 டிசம்பர் 28 அன்று அடையாறு நூலகம் திறக்கப்பட்டது. ஓலைச்சுவடிகளுக்காக இன்றைக்கும் உலகம் முழுக்கப் பேர் சொல்லும் நூலகம் அது. பழைய பங்களாவை முன்னாலும் பக்கத்திலும் நீட்டிப் பெரிய கூடம் கட்டினார். சுவரில் கிருஷ்ணர், புத்தர், ஏசு, ஜரதுஷ்டிரர் புடைப்புச் சிற்பங்கள். வெளியே சுதையில் யானைத் தலைகள். கம்பெனி அதிகாரியின் கிரேக்கத் தூண் வீடு, கோயில் மண்டபத்துக்கும் ரயில்வே ஸ்டேஷனுக்கும் நடுவே ஒரு புது மாதிரியாக மாறியது. கட்டடக் கலை வல்லுநர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் சர்வமத ஒற்றுமை என்று வாயால் சொன்னதைச் சுவரில் ஒட்டிக் காட்டியவர்கள் அன்றைக்கு இங்கே யார் இருந்தார்கள்?

சுவருக்கு வெளியேயும் அவர் பார்வை போனது. பக்கத்து ஊரூரில் 1894ல் தாழ்த்தப்பட்ட குழந்தைகளுக்கு ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார். அதிலிருந்து இன்னும் சில பள்ளிகள் வந்தன. அயோத்திதாசப் பண்டிதர் பௌத்தம் நோக்கிப் போனபோது, 1898ல் அவரோடு இலங்கைக்குப் போனவரும் ஆல்காட்தான். 27 ஏக்கருக்குள் நடந்த எல்லா அற்புதங்களையும்விட இது பெரிது என்று சொன்னால் சபைக்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்பலாம்.

ஒரு வேடிக்கை. எந்த ஊட்டி மோகத்தால் இந்த வீடு அவருக்கு மலிவாகக் கிடைத்ததோ, அதே ஊட்டியில் ஆல்காட்டும் ஒரு வீடு கட்டிக்கொண்டார். 'குலிஸ்தான்' என்று பெயர். 1907 பிப்ரவரி 17 அன்று அவர் அடையாற்றில் காலமான பிறகு தலைமைக்கு வந்தவர் அன்னி பெசன்ட். ஹோம் ரூல் கிளர்ச்சிக்காக 1917 ஜூனில் மதராஸ் அரசாங்கம் பெசன்டையும் அருண்டேலையும் பி.பி. வாடியாவையும் காவலில் வைத்ததே, எங்கே தெரியுமா? ஊட்டியில், அதே குலிஸ்தானில்! அந்த அம்மையார் அங்கேயும் ஹோம் ரூல் கொடி ஏற்றினார். செப்டம்பரில் விடுதலை, டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸ் தலைவர்.

பெசன்ட் காலத்தில் சுற்றியிருந்த தோட்டங்களை ஒவ்வொன்றாக வாங்கி 27 ஏக்கர் 250 ஏக்கருக்கு மேல் ஆயிற்று. ஆலமரம் வந்தது அப்போதுதான். (அதன் தாய்மரம் 1989ல் புயல் காற்றில் சாய்ந்துவிட்டது. விழுதுகள்தான் இன்று மரமாக நிற்கின்றன. 2016 வர்தா புயலிலும் அந்தத் தோட்டம் ஏகப்பட்ட மரங்களை இழந்தது.) 1909ல் இங்கே ஆற்றோரக் கடற்கரையில் ஜே. கிருஷ்ணமூர்த்தி என்ற சிறுவனைக் 'கண்டுபிடித்தது', அவன் அப்பா கோர்ட்டுக்குப் போனது, 1936ல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவை ஆரம்பித்தது, 1939ல் மரியா மாண்டிசோரி வந்து போரினால் மாட்டிக்கொண்டது எல்லாம் தனித்தனிக் கதைகள். ஏற்கெனவே நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். யாரும் அதிகம் எழுதாதது வாடியா கதை. அது நம் பக்கத்துக் கதை.

பஹ்மன் பெஸ்தோன்ஜி வாடியா பம்பாய்ப் பார்சி. 1908ல் அடையாறு வந்து தங்கி, சபையின் பதிப்பக வேலையும், பெசன்டின் நியூ இந்தியா பத்திரிகை வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார். 1918 ஏப்ரலில் பெரம்பூரிலிருந்து இரண்டு பேர் அவரைத் தேடி வந்தார்கள். செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு. பெரிய ஆட்கள் இல்லை, சிறு வியாபாரிகள். வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒரு பஜனை சபை நடத்தியவர்கள். அவர்கள் கடைக்கு வருகிற மில் தொழிலாளிகள் சொன்ன குறைகளைச் சுமந்துகொண்டு வந்தார்கள். பக்கிங்ஹாம் மில் 1876ல் வந்தது, கர்நாடிக் மில் 1881ல். அடையாற்றுத் தோட்ட வீடுகள் காலியாகிக்கொண்டிருந்த அதே வருடங்களில் பெரம்பூரில் புகைபோக்கிகள் எழுந்துகொண்டிருந்தன. மதியம் சாப்பிட அரை மணி நேரம். அதற்குள் வெளியே ஓடி, சாப்பிட்டு, திரும்ப ஓடி வந்து கேட்டுக்குள் நுழைய வேண்டும்.

வாடியா போய்ப் பார்த்தார். கூட்டங்கள் நடந்தன. அவர் ஆங்கிலத்தில் பேச, தமிழில் சொன்னவர்களில் திரு.வி.க.வும் உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத்தலைவர்களில் ஒருவர். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று சரித்திரப் புத்தகங்கள் சொல்வது இதைத்தான். அடையாற்று மர நிழலில் பிரம்மத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர் சாப்பாட்டு இடைவேளைக்குப் பத்து நிமிஷம் கூடுதலாகக் கேட்டு நிற்கிறார்! அந்த வீட்டின் சரித்திரத்தில் இதைவிட உயரமான இடம் வேறு இல்லை.

பின்னி கம்பெனி சும்மா இருக்கவில்லை. கதவடைப்பு வந்தது. 1920ல் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டு, தடையுத்தரவும் நஷ்ட ஈடும் வாங்கியது. தொழிலாளியை வேலைக்குப் போகாதே என்று சொன்னால் அது ஒப்பந்தத்தை மீறத் தூண்டிய குற்றம் என்பது வாதம். அன்றைக்குச் சங்கத்தைக் காப்பாற்ற எந்தச் சட்டமும் கிடையாது. 1921ல் சமரசம். வாடியா தொழிலாளர் இயக்கத்தை விட்டு விலக வேண்டும் என்பது அதன் சாரம். விலகினார். அந்த வருடமே மறுபடி பெரிய வேலைநிறுத்தம், புளியந்தோப்பில் கலவரம், துப்பாக்கிச் சூடு. இந்த வழக்கு கிளப்பிய சத்தம்தான் 1926 தொழிற்சங்கச் சட்டத்துக்கு ஒரு முக்கியக் காரணம். வணிகச் சட்டம் படித்தவர்கள் அந்தச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக மனப்பாடம் செய்திருக்கிறோம். அது பெரம்பூரில் பிறந்தது என்று யாரும் சொல்லித் தந்ததில்லை.

வாடியா 1922ல் அடையாறு சபையிலிருந்தும் வெளியேறி, வேறொரு பிரம்மஞானக் கூட்டத்தில் சேர்ந்துகொண்டார். பி அண்ட் சி மில் 1996ல் மூடப்பட்டது. சங்கத்தில் கூடவே நின்ற திரு.வி.க.வின் பெயர், ஹடில்ஸ்டன் பங்களாவுக்குப் பக்கத்தில் அடையாற்றைக் கடக்கும் பாலத்துக்கு வைக்கப்பட்டிருக்கிறது.